மாற்றுச் சிறுநீரகமும் குடலின் நலமும்

ஒருவர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை மற்றொருவர் உடலில் பொருத்தி அவரை வாழவைக்கும் சிகிச்சை 1954-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக முழு வெற்றி பெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர். அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்த டாக்டர் ஜோசப் மரே 1990-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் நாட்டில் இச்சிகிச்சை 1971-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றியுடன் நிறைவேறியது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் 2008-லும், கேரளத்தில் ‘மிருதசஞ்சீவனி’ என்னும் பெயருடன் 2012-லும் தொடங்கியது. இன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை அளிக்கப்படுகின்றது.

ஆகவே பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரைத் தம் பணியிடையே சந்திக்கக்கூடும். அவர் வேலைக்குச் செல்வார். குழந்தையாயின் பள்ளிக்கு வரும். புறத்தோற்றத்தில் யாதொரு வேறுபாடும் இராது. எனினும் அவருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஆயுள் பெரிதும் அவருடைய குடலின் நலத்தைச் சார்ந்திருக்கின்றது. பிறருக்கு இரண்டு நாளில் தானே தீர்ந்துவிடும் வயிற்றுப்போக்கு, இவருக்குச் சிறுநீரகத்தையே இழக்கச் செய்யும் விபத்தாக முடியலாம். இதன் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடலும் சிறுநீரகமும்

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தை இவை நொதிக்கச் செய்து சில எளிய அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகி அச்சுவரை உறுதியாக வைத்திருக்கின்றது.

சிறுநீரகம் பழுதுற்றால் இந்த ஒழுங்கு குலைகின்றது. வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கிய யூரியா குடலுக்குள் கசிகின்றது. பாக்டீரியாக்கள் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதனால் குடற்சுவரின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புகள் தளர்கின்றன; பாக்டீரியாக்களின் நச்சுத் துணுக்குகள் அவ்வழியே இரத்தத்தில் கலக்கின்றன. உடல் அவற்றை எதிர்த்து ஓயாது போரிடுகின்றது. வெளிக்குத் தெரியாத இந்த நீடித்த அழற்சி, இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றது.

புதிய சிறுநீரகம் பொருத்தப்பட்டபின் யூரியாவின் தேக்கம் நீங்குகின்றது. ஆயினும் குடல் பழைய நிலையை முற்றிலும் அடைவதில்லை. நோய்க் கிருமிகளுக்காகக் கொடுக்கப்படும் மருந்துகள் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆராய்ச்சியாளர், கல்லீரலோ சிறுநீரகமோ மாற்றப்பெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மலத்தை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். குடற் பாக்டீரியாக்களின் அமைப்பு இயல்பு நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருந்ததோ, அவ்வளவுக்கு மரண விகிதமும் மிகுந்திருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குடலின் நிலை புறக்கணிக்கத்தக்கதன்று என்பது தெளிவு.

மருந்தின் அளவும் குடற்சுவரும்

அயலார் உறுப்பை உடல் ஏற்றுக்கொள்வதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்தால்தான் அவ்வுறுப்பு நிலைக்கும். இதற்கெனப் பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசலோன் ஆகிய மூன்று மருந்துகள் தரப்படுகின்றன. டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா என்னும் இடத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்டது. இது குறைந்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். மிகுந்தால் மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை மிகக் குறுகியது. ஆகவே இரத்தத்தில் இதன் அளவைக் காலந்தோறும் சோதிக்கின்றனர்.

குடற் பாக்டீரியாக்களும் இந்த அளவில் பங்கு கொள்கின்றன. மருந்து அதிகம் தேவைப்பட்ட நோயாளிகளின் குடலில் ஃபீக்கலிபாக்டீரியம் என்னும் இனம் மிகுந்திருப்பதை நியூயார்க் நகரின் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் கண்டனர். அப்பாக்டீரியா டாக்ரோலிமஸை வலிமை குன்றிய பொருளாக மாற்றவல்லது என்பதும் 2019-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

வயிற்றுப்போக்கு ஏற்படும்போது நிகழ்வது பலர் எண்ணுவதற்கு நேர்மாறானது. மாத்திரை மலத்தோடு போய்விடும், உடலில் சேராது என்றே பொதுவாகக் கருதுவர். உண்மையில், குடற்சுவரிலுள்ள நொதிகள் டாக்ரோலிமஸின் பெரும்பகுதியை உள்ளே புகுமுன்பே சிதைத்துவிடுகின்றன; வேறொரு புரதம் எஞ்சியதில் ஒரு பகுதியைக் குடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளுகின்றது. அழற்சியால் குடற்சுவர் புண்பட்டால் இவ்விரு காவல்களும் தளர்ந்துவிடுகின்றன. அதே மாத்திரையிலிருந்து முன்னைவிட மிகுதியான மருந்து இரத்தத்தில் சேருகின்றது. அதே வேளையில் உடல் நீரை இழப்பதால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தமும் குறைகின்றது. இரண்டு தாக்குதலும் ஒரே சிறுநீரகத்தின்மேல் விழுகின்றன. இதை அறியாமல் “மருந்து வீணாயிற்று” என்று இன்னொரு மாத்திரை விழுங்குவது பெருந்தீங்கு.

மருந்தை நிறுத்துவதும் அதற்குக் குறையாத தீங்கேயாம். மைக்கோபீனோலேட் தானே வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடிய மருந்து. சில வேளைகளில் மருத்துவர் அதன் அளவைக் குறைப்பதுண்டு. நோயாளியே நிறுத்திவிட்டால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்.

எல்லைக் கிராமங்களின் நீர்

இவ்வட்டாரத்தில் வீட்டுக்கொரு கிணறு என்பது வழக்கம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. மழைக்காலத்தில் மேற்பரப்பின் அழுக்கு நீர் கிணறுகளில் இறங்குகின்றது. 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்தோரிடையே காலரா உறுதி செய்யப்பட்டது. நீர்வழி நோய்கள் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் இடுவது சுகாதார ஊழியர் நன்கறிந்த பணி. காலராக் கிருமியை அது கொல்லும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் தடித்த ஓடு குளோரினைத் தாங்கிநிற்கும். நலமுள்ளவருக்கு அது சில நாள் வயிற்றுப்போக்கைத் தந்து நீங்கிவிடும். எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவரிடம் வாரக்கணக்கில் நீடித்து உடலை உருக்கிவிடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடையே இத்தொற்று காணப்படுவதை லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தார் 2015-இல் வெளியிட்டுள்ளனர். இதற்கு எளிய தற்காப்பு, நீர் நன்கு கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறச்செய்து பருகுவதே. கிணற்றில் மருந்து இட்டாயிற்று என்பதால் கொதிக்கவைப்பதைக் கைவிடலாகாது.

மோரும் பழங்கஞ்சியும்

தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் குடலுக்கு நன்மை தரும் என்னும் கருத்தைப் பரப்பியவர், 1908-இல் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ். பழைய சோற்றின் பயனைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயும் முயற்சி சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மேற்கொள்ளப்பட்டது. நார்ச்சத்து மிகுந்த உணவு, பொருத்தப்பட்ட சிறுநீரகம் நிராகரிக்கப்படுவதைத் தடுக்க உதவுகின்றது என்று 2020-இல் சிட்னி ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளில் காட்டினர். மனிதரிடமும் அவ்வாறே நிகழும் என்று இவற்றைக்கொண்டு முடிவு கட்டலாகாது.

மேலும், நலமுள்ளவருக்கு நல்லதெல்லாம் இவருக்கு நல்லதன்று. கொதிக்காத கிணற்று நீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்த பழங்கஞ்சியில் எந்தக் கிருமி பெருகியது என்று எவரும் சொல்ல இயலாது. காய்ச்சாத பால், காய்ச்சாத அக்கானி, அரைவேக்காட்டு முட்டை, கடையில் திறந்துவைத்த பழத்துண்டுகள் ஆகியவையும் விலக்கத்தக்கன. உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய மருந்துக் குப்பிகளை மருத்துவர் கூறாமல் வாங்கலாகாது. பம்பளிமாசுப் பழம் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தவல்லது, அதனை உண்ணலாகாது. சூடான சோறு, நன்கு வெந்த மீன், வேகவைத்த காய்கறிகள் ஆகியவை தக்க உணவு. பருப்பு, கீரை, பழம் எவ்வளவு என்பதை அவருடைய இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தின் அளவைக் கண்டு மருத்துவரே கூற வேண்டும்.

இளநீரைப் பற்றித் தனியே எச்சரித்தல் வேண்டும். வயிற்றுப்போக்குக்கு இளநீர் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டாக்ரோலிமஸ் உண்பவர் உடலில் அந்த உப்பு எளிதில் வெளியேறாது. அளவு மீறினால் இதயத்துடிப்பு நின்றுவிடவும் கூடும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் இன்றும் களியக்காவிளையின் இருபுறமும் பரவியுள்ளன. ஒருவர் திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை பெற்று, வயிற்றுக் கோளாறுக்கு எல்லைக்கு அப்பால் மருந்து வாங்குவது இயல்பு. அங்குள்ளவருக்கு இவருடைய வரலாறு தெரியாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதைத் தாழ்த்தும். வலி நீக்கும் மாத்திரைகள் பல சிறுநீரகத்தையே தாக்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றை ஊழியர் மனத்திற் கொள்வாராக.

1. ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனாலும், சிறுநீர் குறைந்தாலும், கை நடுங்கினாலும் அன்றே சிகிச்சை அளித்த மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்ப்பாற்றல் அடங்கியிருப்பதால் காய்ச்சல் தோன்றாமலும் இருக்கலாம்.

2. மருத்துவரின் சொல் கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய நீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவரலாம். போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாகாது.

3. மருந்தை நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்ரோலிமஸின் அளவைச் சோதிக்கச் செல்லும் நாளில் மட்டும், இரத்தம் எடுத்தபின்னரே காலை மாத்திரையை உண்ண வேண்டும்.

4. மருந்துகளின் பெயர், அளவு, மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை மலையாளத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதி நோயாளியிடம் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக் குறிப்பை வீட்டிலுள்ள முதியோர் படிக்க இயலாமற் போவதுண்டு. ஆசிரியர் இதில் பேருதவி புரியலாம்.

5. பள்ளியில் இத்தகைய குழந்தை இருப்பின், வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரையே பருகுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கால் வராத நாளில் பெற்றோரை உடனே விசாரிக்க வேண்டும்.

சிறுநீரகத்தைத் தந்தவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ உடன்பிறந்தவராகவோ இருப்பர். அல்லது துயரத்தின் நடுவிலும் தானத்துக்கு இசைந்த ஒரு குடும்பத்தினராக இருப்பர். அக்கொடையைக் காக்கும் பொறுப்பில் மருத்துவமனைக்கு உள்ள பங்கு பெரிது. கொதித்த நீரும், காலத்தில் அனுப்பிய செய்தியும் அதற்கு இன்றியமையாத துணைகள். அவ்விரண்டும் கிராமத்திலுள்ளோர் கையில் இருக்கின்றன.