வாரம் எட்டுக் காட்சி, தொண்டை ஒன்றுதான்

லண்டன் வெஸ்ட் எண்டில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர்களைப் பற்றி எழுதும்போது முதல் வாய்ப்பு, விருது, கைதட்டல் எல்லாம் வந்துவிடும். அந்தத் தொண்டை எத்தனை வருடம் தாங்கும் என்பது மட்டும் அநேகமாக வருவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

ஆறு மாலைக் காட்சி, இரண்டு பகல் காட்சி. இதுதான் அங்கே வாரக் கணக்கு. இரண்டு காட்சி உள்ள நாளில் மதியம் மேடையேறியவர் ஒப்பனை கலைக்க ராத்திரி பத்து தாண்டிவிடும். 'லே மிசெராப்ல' 1985 முதலும் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' 1986 முதலும், கொரோனா இடைவெளி நீங்கலாக, ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஓடுவது நாடகம், பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். தேய்ந்த குரலோடு ஒருவர் வெளியேறினாலும் மறுநாள் காட்சி நிற்காது.

பியானோவின் நடு 'சி'க்கு மேலே உள்ள 'ஏ' சுரத்தைப் பிடித்தாலே குரல் நாண்கள் நொடிக்கு 440 தடவை மோதிக்கொள்கின்றன. இன்றைய மியூசிக்கல்கள் கேட்பதோ அதற்கும் மேலே, அடிவயிற்றிலிருந்து முழு பலத்தோடு. செருப்பு கடித்த இடம் காய்த்துப்போவதுபோல நாண்களிலும் முடிச்சு விழுகிறது. விக் ஓரத்தில், நெற்றியில் ஒட்டிய மைக் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகும். உச்ச சுரத்துக்கான உழைப்பைக் குறைக்காது.

அதனால்தான் காட்சிக்கு முன் அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி கொப்பளிக்க அதன் வழியே ஸ்வரம் பாடி நாண்களைப் பதப்படுத்துகிறார்கள். ஆவி பிடிக்கிறார்கள். காட்சி இல்லாத நாளில் வீட்டாரிடம்கூடப் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. கரகரப்பு வந்தால் பலர் வெளியே சொல்வதில்லை. 'குரல் போச்சு' என்ற பேச்சு பரவினால் அடுத்த ஒப்பந்தம் வராது என்ற பயம்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாயகிக்கு நேர்ந்தது ஊரறிந்த கதை. 12 வயதில் லண்டன் மேடை, 1958-ல் ட்ரூரி லேன் அரங்கில் 'மை ஃபேர் லேடி', பிறகு சினிமா. 1997-ல் தொண்டையில் அறுவை சிகிச்சை. அந்தப் பாட்டுக்குரல் திரும்பவே இல்லை. உச்சியில் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், கூட்டத்தில் ஒருவராகப் பாடுகிறவர்களின் குரலை யார் கணக்கில் வைப்பார்கள்?

அரங்க வாடகையும் சம்பளமும் எட்டுக் காட்சி இல்லாமல் கட்டாது என்பார்கள் தயாரிப்பாளர்கள். கணக்கு அவர்களுடையது, இருக்கட்டும்.

வழி ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது. 'எவீட்டா'வின் நாயகி வேடத்துக்கும் 'ஃபேன்டம்' கிறிஸ்டீனுக்கும் வாரத்தில் சில காட்சிகளைப் பாட மாற்று நடிகை வைப்பது பழைய வழக்கம். பல வேடங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் 'ஸ்விங்' கலைஞர்களும் இருக்கிறார்கள். இடைவேளையில் சொன்னால்கூட மேடையேறிவிடுவார்கள். 'இன்று இவருக்குப் பதில் இவர்' என்ற துண்டுச்சீட்டைப் பார்த்ததும் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்களே, அதை விடவேண்டும். 'லே மிசெராப்ல'வின் வால்ஜான்போல ராத்திரி முழுக்கப் பாடும் ஒவ்வொரு வேடத்துக்கும் மாற்றுக் கலைஞரை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், முதல் காட்சிக்கு முன்பே.