பழைய வீல் லோடர்களும் அவற்றை ஓட்டிய மனிதர்களும்

இவ்வாரக் கருத்துக்களத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் வித்தியாசமானது. சாலை போடும் இடங்களிலும் குவாரிகளிலும் மஞ்சள் வண்ணத்தில் ஓர் இயந்திரம் முன்னும் பின்னும் ஓடி, மண்ணையும் கல்லையும் அள்ளி லோரியில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பெரிய டயர்கள், முன்புறம் அகலமான பக்கெட். அதுதான் வீல் லோடர்.

இன்று பல நாடுகளில் பழைய வீல் லோடர்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, வண்ணம் பூசிக் காட்சிக்கு வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பழைய படங்களின் அடியில் இயந்திரத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், குதிரைத்திறன்கூட இருக்கும். அதன்மேல் அமர்ந்திருப்பவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இந்த இயந்திரம் இன்று பாதுகாப்பாக இருக்கிறதென்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெயரில்லாத ஓட்டுநர்கள். இதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

டிராக்டரில் பிறந்த இயந்திரம்

தொடக்கத்தில் வீல் லோடர் என்று தனியாக ஓர் இயந்திரம் இல்லை. விவசாய டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகளையும் ஒரு பக்கெட்டையும் பொருத்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹஃப் என்பவரின் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சிறிய வண்டியைத் தயாரித்தது. அதன் பக்கெட்டைக் கவிழ்க்க எண்ணெய் அழுத்தம் கிடையாது. கொக்கியை விடுவித்தால் பாரத்தின் கனத்தால் தானே கவிழும்.

அதே நிறுவனம் 1947-இல் கொண்டு வந்த ஹெச்.எம். என்ற மாடல்தான் பெரிய திருப்பம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போனது. பக்கெட்டைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் ஹைட்ராலிக் முறைக்கு மாறின. 'பேலோடர்' என்ற அந்நிறுவனத்தின் விற்பனைப் பெயரையே பல இடங்களில் இயந்திரத்தின் பொதுப்பெயராகச் சொல்லும் அளவுக்கு அது பரவியது.

சுவீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டூனா நகரில் பொலிண்டர்-முங்க்டெல் நிறுவனம் 1954-இல் ஹெச்-10 என்ற லோடரை வெளியிட்டது. டிராக்டரைத் திருப்பிப் போட்டு, பெரிய சக்கரங்கள் பாரத்தின் பக்கம் வரும்படி அமைத்தார்கள். கேட்டர்பில்லர் தன் முதல் வீல் லோடரான 944-ஐ 1959-இல்தான் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

அள்ளுவது ஒரு கலையா?

'மண்ணை அள்ளிக் கொட்டுவதில் என்ன திறமை வேண்டியிருக்கிறது?' என்று நேயர் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

பக்கெட்டைத் தரையோடு தட்டையாக வைத்து, கீழ் கியரில் மண்குவியலை நோக்கிப் போக வேண்டும். வேகத்தோடு மோதினால் இயந்திரம் அதிரும், பக்கெட் நிறையாது. பக்கெட் உள்ளே நுழைந்ததும் சற்றே தூக்க வேண்டும். அப்போதுதான் பாரம் முன் டயர்களின் மேல் அழுந்தி, டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத் தாமதித்தால் டயர் நின்ற இடத்திலேயே சுழலும். குவாரியில் கூர்மையான கற்களின்மேல் டயர் சுழன்றால் அது கிழிந்துபோகும். பெரிய லோடரின் டயர் விலை கொஞ்சநஞ்சமல்ல. தூக்கிக்கொண்டே பக்கெட்டைப் பின்னோக்கிச் சுருட்டி, நிறைந்ததும் பின்வாங்கி, லோரியை நோக்கித் திரும்ப வேண்டும். குவியலுக்கும் லோரிக்கும் இடையே இயந்திரம் போகும் தடம் ஆங்கில 'வி' எழுத்துப்போல் அமையும். அந்தத் தடம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு எண்ணெய் மிச்சம், நேரம் மிச்சம்.

இன்றைய இயந்திரத்தில் இவற்றில் பலவற்றை மின்னணுக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. கிளட்ச் வைத்த பழைய வண்டிகளில் ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் மாறும்போதும் இடது காலால் அழுத்தியாக வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. ஸ்டியரிங்கின் கனமும் தோளில்தான் இறங்கும். டயர் சுழலப் போகிறது என்பதை எஞ்சின் சத்தத்தை வைத்தும், இருக்கையில் உணரும் அதிர்வை வைத்தும் முன்கூட்டியே அறிந்தவரே நல்ல ஓட்டுநர்.

உயிர் கேட்ட அமைப்புகள்

இந்தப் பழைய இயந்திரங்களை வியப்போடு பார்க்கும் நாம், அவற்றில் இருந்த ஆபத்துகளையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, தூக்கும் கைகள். ஆரம்ப கால லோடர்களில் அந்தக் கைகளின் மூட்டு ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. பக்கெட் மேலே போகும்போது இரண்டு இரும்புக் கைகளும் அவருடைய இரு தோள்களையும் ஒட்டியே எழும். பக்கெட்டின் விளிம்பைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டினாலும், கையைப் பக்கவாட்டில் வைத்தாலும் ஆபத்துதான். 1950-களில் மூட்டு இருக்கைக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. கிளார்க் நிறுவனத்தின் மிச்சிகன் லோடர்கள் இந்த மாற்றத்தில் முன்னின்றவை.

இரண்டாவது, திரும்பும் முறை. பழைய வண்டிகள் பின்சக்கரத்தால் திரும்பின. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு இது புரியும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பின்புறம் வலப்பக்கம் வீசும். பின்னால் நின்றவர் நசுங்கும் அபாயம் உண்டு. 1960-களில் வண்டியை நடுவே மடங்கும்படி இரண்டாகப் பிரித்து இணைக்கும் முறை பரவியது. 1963-இல் வந்த கேட்டர்பில்லர் 988 அவ்வகையைச் சேர்ந்தது. குறுகிய இடத்தில் திரும்ப அது பெரிய உதவி. ஆனால் நடு மூட்டில் நிற்பவர் சிக்கிக்கொள்ளும் புதிய ஆபத்து அதோடு வந்தது. பழுது பார்க்கும்போது அந்த மூட்டைப் பூட்டுவதற்கென்று ஓர் இரும்புத் தண்டு வைத்திருப்பது அதனால்தான்.

மூன்றாவது, கவிழ்தல். நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கியபடி சரிவில் திரும்பினால் வண்டி உருளும். மேலே கூரையற்ற இருக்கை. அமெரிக்காவில் 1972 செப்டம்பர் 1-க்குப் பிறகு தயாரிக்கப்படும் கட்டுமான லோடர்களில், வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. ஹஃப் தன் முதல் லோடரைத் தயாரித்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் ஓட்டுநருக்குக் காவல் அவருடைய நிதானம் மட்டுமே.

காதும் முதுகும்

'பழைய ஓட்டுநர்கள் ஏன் சத்தமாகப் பேசுகிறார்கள்?' என்பது இன்னொரு நேயரின் கேள்வி. சிரிப்பதற்குரிய விஷயம் அல்ல இது. எஞ்சினும் புகைக்குழாயும் பக்கத்திலேயே இருக்க, கண்ணாடி அறை இல்லாமல், காதுக்கு எந்தக் காப்பும் இல்லாமல் பல ஆண்டுகள் உழைத்தவருக்குச் செவித்திறன் மெல்ல மெல்லக் குறையும். அப்படி இழந்தது திரும்பி வராது. இன்று சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு விதிகளும், மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு விதிகளும் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. அதோடு, டயரைத் தவிர வேறு ஸ்பிரிங் ஏதுமில்லாத வண்டியின் அதிர்வு முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். மனித உடல் அதிர்வைத் தாங்கும் அளவு குறித்த ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை முதன்முதலில் வெளிவந்ததே 1974-இல்தான்.

காப்பாற்றப்படும் இயந்திரங்கள்

இயந்திரங்கள் வளர்ந்த வேகமும் வியப்புக்குரியது. 1947-இன் ஹெச்.எம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை கன கெஜம் மண் அள்ளியது. 1968-இல் வந்த கேட்டர்பில்லர் 992 பத்து கன கெஜம் அள்ளியது. டெக்சாஸ் மாநிலத்தின் லாங்வியூ நகரில் லெட்டூர்னோ நிறுவனம் உருவாக்கிய எல்-2350 ஒரே வாரலில் 53 கன கெஜம், அதாவது ஏறத்தாழ 72 டன் அள்ளக்கூடியது.

இவற்றின் முன்னோடிகளைக் காக்கும் பணியும் நடக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பவுலிங் கிரீன் என்ற ஊரில் பழைய கட்டுமான இயந்திரங்களுக்கென்று ஒரு சங்கமும் அருங்காட்சியகமும் உண்டு. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் முங்க்டெல் அருங்காட்சியகம் இருக்கிறது.

பழைய லோடரைச் சீர்செய்ய விரும்புவோருக்கு மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். தூக்கிய கைகளுக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தோடு பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பல துண்டுகளாக அமைந்த பழைய டயர் வளையங்களுக்குக் காற்றடிக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். வளையம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்யக்கூடியது

நம்மில் எல்லாரும் ஓர் இயந்திரத்தை வாங்கிக் காக்க முடியாது. அதற்குச் செலவு அதிகம், இடமும் வேண்டும். ஆனால் மனிதரின் நினைவைக் காக்கச் செலவில்லை. உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ லோடர், புல்டோசர், ரோலர் ஓட்டியிருந்தால், இந்த வார இறுதியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வண்டி, எந்த ஊர், எந்தச் சாலை, எந்த ஆண்டு, யார் கற்றுக் கொடுத்தார், எந்த நாள் மயிரிழையில் தப்பினார் என்று கேளுங்கள். அவருக்குக் காது மந்தமாக இருந்தால் சற்று நெருங்கி, நிதானமாகக் கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள பழைய புகைப்படத்தின் பின்புறம், வண்டியின் பெயருக்கு முன்னால் அவருடைய பெயரை எழுதுங்கள்.