ஒரு கரண்டி உறைமோர்
கிராமச் சுகாதாரப் பணியாளர் பயிற்சி எப்படி இயங்குகிறது?

ராத்திரி அடுக்களையை ஒழித்துப்போடும்போது கடைசி வேலை, பாலுக்கு உறை ஊற்றுவது. ஒரு பாத்திரம் பாலுக்கு ஒரு கரண்டி மோர். மூடிவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் கெட்டித் தயிர். அந்தக் கரண்டியில் இருந்த நுண்ணுயிர்கள் பாலில் உள்ள சர்க்கரையையே தின்று, பாலுக்குள்ளேயே பெருகி, பாத்திரம் முழுவதையும் மாற்றிவிட்டன.

டாக்டர் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஆரோக்கியம் போய்ச் சேருவதும் இப்படித்தான். இதை நாடறியச் செய்துகாட்டிய இடம் மகாராஷ்டிராவின் ஜாம்கேட்.

முதலில் பாலைக் காய்ச்ச வேண்டும்

வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர் தம்பதி ரஜனிகாந்த் ஆரோளேவும் மேபெல் ஆரோளேவும் 1970-ல் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். அடுத்தடுத்து வறட்சி. மக்கள் அவர்களிடம் மருந்து கேட்கவில்லை. தண்ணீரும் சாப்பாடும் கேட்டார்கள். ஆகவே வைத்தியத்துக்கு முன்னால் குழந்தைகளுக்குச் சோறு வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. கிணறுகளை தலித் மக்கள் குடியிருக்கும் பக்கமாகப் போடவைத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்றவர்கள் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது.

சூடு தப்பினால் உறை சாகும்

கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் நுண்ணுயிர் செத்துவிடும். ஆறி அவலாய்ப்போன பாலில் ஊற்றினால் தோயாது. விரல் பொறுக்கும் சூடு வேண்டும். ஜாம்கேட்டில் முதலில், வெளியே படித்து வந்த துணைச் செவிலியர்களைக் கிராமங்களில் தங்கவைக்கப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஊர் ஒட்டவில்லை, ஊருக்கு அவர்கள் ஒட்டவில்லை. பிறகுதான் அந்தந்த ஊர்ப் பெண்ணையே பயிற்றுவிக்கும் யோசனை பிறந்தது.

உறை எங்கிருந்து?

ஆளை ஊரே தேர்ந்தெடுத்தது. பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நடுவயதுப் பெண்களும் அவர்களில் பலர். எழுத்து தெரியாதது குறையாகத் தெரியலாம். ஆனால் எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தை இளைக்கிறது, எந்த மாமியாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தர முடியாது.

வாராவாரம் அவர்கள் ஜாம்கேட்டுக்கு வந்து ஓர் இரவு தங்கிப் படித்தார்கள். பட அட்டை, பாட்டு, நடிப்பு எல்லாமே பாடம்தான். கர்ப்பிணியைப் பார்ப்பது, சுத்தமாகப் பிரசவம் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது, தொழுநோயையும் காசநோயையும் அடையாளம் காண்பது என ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வேறு வேறு சாதிப் பெண்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே பெரிய போர்வைக்குள் படுத்துக்கொண்டார்கள். அந்தப் போர்வையும் பாடத்தில் சேர்த்திதான். ஊருக்குத் திரும்பியபின் எல்லா வீட்டுப் படியும் ஏற வேண்டுமே!

பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம். பணியாளர் கேட்பதெல்லாம் அந்த வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. குடலில் சர்க்கரை உப்பையும், இரண்டும் சேர்ந்து தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தாய் கற்றுக்கொள்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். பால் தோயத் தொடங்கிவிட்டது.

ஆனால் தயிரை வைத்துப் பாயசம் காய்ச்ச முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ தாய்க்கு வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரிதான் கதி. எதை வீட்டில் பார்க்கலாம், எப்போது வண்டி கட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது பயிற்சியில் பாதி. ஜாம்கேட்டில் பெண்களுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரியும், ஊர் ஊராகச் சுற்றும் குழுவும் இருந்தன. அந்தத் துணை இல்லாமல் ஆளை மட்டும் பயிற்றுவித்து அனுப்புவது அவரைத் தனியே தவிக்கவிடுவதாகும்.

1971-ல் அந்த வட்டாரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இருபது சொச்சம் ஆண்டுகளில் அது முப்பதுக்கும் கீழே இறங்கியது. இதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியின் குழு, பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க ஊர்ப் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. 1999-ல் அதன் முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வந்தன. நம் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ள சித்திலிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990-களில் பழங்குடிப் பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள்.

நன்கொடை எந்தப் பொருள்?

பணம்தான் அடுப்பு. பால் காய அது வேண்டும். ஆனால் எரிந்துகொண்டே இருக்கும் அடுப்பின்மேல் வைத்த பால் தோய்வதில்லை. கொடுத்தவர் பெயர் பொறித்த கட்டடம், மூன்று நாள் முகாம், சான்றிதழோடு குழுப்படம் எல்லாம் அடுப்பை உயர்த்துகிற வேலை. அணைந்ததும் சூடும் போய்விடும்.

உறைமோர் அப்படியல்ல. ஒவ்வொரு நாளும் தயிரில் ஒரு கரண்டியை எடுத்துவைத்தால்தான் நாளைக்கு உறை உண்டு. மறந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எடுத்துவைத்ததையும் நாட்கணக்கில் புதுப்பிக்காமல் விட்டால் புளித்துப்போகும். ஒரு தடவை கற்ற பாடமும் அப்படியே. அதனால்தான் ஜாம்கேட் பெண்கள் வாராவாரம் வந்தார்கள். பழையவர்களே புதியவர்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

ஆகவே இப்படியொரு பயிற்சிக்குப் பணம் தரும்போது, “எத்தனை பேரைப் பயிற்றுவித்தீர்கள்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். போன வருடம் பயின்றவர் அடுத்த பாடத்துக்கு வர பஸ் காசு யார் தருகிறார்கள், அன்றைய கூலி போனால் அவர் வீட்டில் உலை எப்படி வைப்பார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், உங்கள் பணம் முதலில் அந்த பஸ் காசாகப் போகட்டும்.