விளக்க நூலடைவு: காவிரிப் படுகையின் சான்றுகளோடு ஓர் அறிமுகம்

விளக்க நூலடைவு என்பது ஓர் ஆய்வுப்பொருள் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் ஆவணங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அது என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைச் சில வரிகளில் எழுதி வைக்கும் பட்டியல். ஆய்வேட்டின் கடைசியில் வரும் துணைநூற்பட்டியலில் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியவை மட்டுமே இருக்கும். ஆய்வாளர் எவற்றைப் பார்த்தார் என்பது அதிலிருந்து தெரியும். பார்த்தவற்றில் என்ன கண்டார் என்பது தெரியாது. ஆய்வுச்சுருக்கமும் மதிப்புரையும் இதிலிருந்து வேறுபட்டவை. சுருக்கம் நூலாசிரியர் தம் நூலைப் பற்றித் தாமே சொல்வது. மதிப்புரை ஒரே நூலை முழுதாக எடைபோடுவது. அடைவுக் குறிப்போ ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நூலும் எவ்வளவு உதவும் என்று சொல்வது. ஆகவே ஒரே நூலுக்கு இரண்டு ஆய்வாளர்கள் எழுதும் குறிப்புகள் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இதன் முன்னோடியாகச் சொல்லப்படுவது, சூரிச் நகர அறிஞர் கொன்றாட் கெஸ்னர் 1545-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழி நூல்களையும் குறிப்புகளோடு பட்டியலிட முயன்ற நூல் அது. தமிழ் நூல்களுக்கு அப்படியொரு பட்டியல் முதலில் உருவான இடங்களுள் ஒன்று காவிரிப் படுகையின் கடற்கரை. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி டேனியர்கள் குடியேறிய தரங்கம்பாடிதான் அந்த ஊர்.

1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய கிறித்தவச் சமயப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்க் தமிழ் கற்கத் தொடங்கியதுமே ஏடுகளைச் சேர்க்கவும் தொடங்கினார். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்த சுவடிகளை விலைக்கு வாங்கிவரச் செய்தார். 1708-இல், தம்மிடமிருந்த நூல்களுக்கு ஜெர்மன் மொழியில் குறிப்புகள் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 'பிப்ளியோதெக்கா மலபாரிக்கா' என்று இன்று அறியப்படும் அந்தப் பட்டியலில் கிறித்தவ நூல்களுக்கும் இசுலாமிய நூல்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பெரும்பகுதியாக அமைந்திருப்பது தமிழரின் பிற சமய, இலக்கிய நூல்களின் பகுதி. அதில் 119 பதிவுகள் இருக்கின்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அதே ஆண்டில் அவர் ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தும் இருந்தார்.

தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டே ஆண்டுகளான ஒருவர் எழுதிய குறிப்புகள் என்பதால் அவற்றில் பிழைகள் இருப்பது இயல்பு. அவருடைய நோக்கமும் அவற்றில் படிந்திருக்கிறது. உருவ வழிபாட்டைக் கண்டிக்கும் சிவவாக்கியம் போன்ற நூல்களில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்ததற்குக் காரணம் அவருடைய சமயப்பணி. ஆனாலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் ஒருவர் கையில் எந்தெந்தத் தமிழ் நூல்கள் கிடைக்கக்கூடியவையாக இருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. வெறும் பெயர்ப்பட்டியலாக நின்றிருந்தால், சிதைந்த எழுத்துப்பெயர்ப்பில் உள்ள நூற்பெயர் பலவற்றை இன்று யாராலும் அடையாளம் காண முடிந்திராது. பொருளைச் சொல்லும் இரண்டு வரிகள் இருந்ததால்தான் வில் சுவீட்மேனும் இரா. இலக்குவனும் 2012-இல் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, அது எந்த நூல் என்று ஆராய்ந்து பதிப்பிக்க முடிந்தது.

அச்சு நூல்களுக்கு இதே வேலையை 1865-இல் சென்னையில் ஜான் மர்டாக் செய்தார். அதுவரை அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து, அறிமுகக் குறிப்புகளோடு அவர் வெளியிட்டார்.

தஞ்சாவூருக்குள் இந்தக் கலை வளர்ந்த இடம் சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்து அரண்மனைச் சுவடிகளோடு, இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) சேர்த்தவையும் கூடி அது பெருநூலகமாயிற்று. மாவட்ட நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னல் அங்குள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். அது 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு, பி. பி. சுப்பிரமணிய சாஸ்திரி அதே சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதினார். 1928-இல் தொடங்கிப் பத்தொன்பது தொகுதிகளாக அது வெளிவந்தது. சுவடி எதில் எழுதப்பட்டது, எந்த எழுத்தில் உள்ளது, எத்தனை ஏடு, முழுமையா குறையா, எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவதே விளக்க அட்டவணையின் முறை. ஆய்வாளர் தஞ்சாவூருக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே, தமக்கு வேண்டியது அங்கே இருக்கிறதா, இருப்பது பயன்படும் நிலையில் இருக்கிறதா என்று முடிவுசெய்ய இவை போதும்.

கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், ஒப்பிட்ட பிரதிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்று எழுதிவைத்ததும் இந்த மரபைச் சேர்ந்ததே. நூலடைவு என்ற பெயரில் அவை வெளிவரவில்லை. ஆனால் மூலத்தைச் சொல்லி அதன் நிலையையும் சொல்லும் நேர்மை முகவுரைகளில் முழுமையாக இருக்கிறது.

இன்றைய ஆய்வு மாணவர் விளக்க நூலடைவு எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவதே எளிது. 'இருபதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் நெல்வயல்களின் உழைப்பு உறவுகள்' என்பது ஆய்வுப்பொருள் என்று கொள்ளலாம். முதல் வேலை எல்லை வகுப்பது. தஞ்சாவூரைப் பற்றிய எல்லா நூலும் இதற்குள் வராது. பெரிய கோயிலின் கட்டடக்கலை பற்றிய சிறந்த நூல்களைக்கூட வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். சோழர் காலத்து நிலவுடைமையைக் கல்வெட்டுகளின் வழியே ஆராய்ந்த நொபொரு கராஷிமாவின் 1984-ஆம் ஆண்டுத் தொகுப்பு, பின்னணிக்காக ஒரே ஒரு பதிவாக இடம்பெறலாம். எதை ஏன் விட்டோம் என்று அடைவின் முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால், விடுபட்டவை பார்க்கப்படாதவை என்று நெறியாளர் எண்ணிக்கொள்வார்.

அடுத்து வருவது நூல்விவரம். எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ என எந்த முறையைப் பின்பற்றினாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். அதன் கீழேதான் குறிப்பு வரும். ஒரு மாதிரிக் குறிப்பு:

கேத்லீன் கஃப், தென்கிழக்கு இந்தியாவின் கிராமச் சமூகம் (ஆங்கிலம்), கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம், 1981. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் 1951 முதல் 1953 வரை நடத்திய களப்பணியை அடிப்படையாகக் கொண்டது. பிராமண நிலவுடைமையாளர்களின் ஊர் ஒன்று. பிராமணரல்லாதார் ஆதிக்கம் பெற்ற, கிழக்குப் பகுதி ஊர் மற்றொன்று. நிலம் யாரிடம் இருந்தது, உழைத்தவர் யார், விளைச்சல் எப்படிப் பங்கிடப்பட்டது என்பவற்றை மார்க்சிய நோக்கில் பகுக்கிறது. கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்பவை ஆசிரியர் இட்ட மாற்றுப்பெயர்கள். 1952-ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் களப்பணிக் காலத்திலேயே வந்ததால், அதன் நீண்டகால விளைவை இதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு இவரே 1989-இல் வெளியிட்ட அடுத்த நூலைப் பார்க்க வேண்டும். ஆந்த்ரே பெத்தேயின் 1965-ஆம் ஆண்டு நூலோடு ஒப்பிடத்தக்கது.

இந்தக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை உண்டு. களப்பணி நடந்த ஆண்டைச் சொன்னது, 1981 என்ற வெளியீட்டு ஆண்டைக் கண்டு அது எண்பதுகளின் நிலவரம் என்று யாரும் மயங்காதிருக்க. நோக்கைச் சொன்னது, ஆசிரியர் எதைக் கூர்ந்து பார்த்திருப்பார் என்பதை வாசகர் முன்கூட்டியே அறிய. மாற்றுப்பெயரைச் சொன்னது, வருவாய்த்துறை வரைபடத்தில் கும்பப்பேட்டையைத் தேடி யாரும் நாள்களை இழக்காதிருக்க. பெத்தேயின் ஸ்ரீபுரமும் அப்படி ஒரு மாற்றுப்பெயர்தான். கடைசி வரி இரண்டு நூல்களை எதிரெதிரே வைக்கிறது. கஃப் வர்க்கத்தை அச்சாக வைத்துப் பார்த்த படுகையை, பெத்தே சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வருகிற இடமாகப் பார்த்தார். இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்த மாணவருக்கு, ஆய்வேட்டின் முன்னாய்வு இயலில் பாதி எழுதி முடிந்தது போலத்தான்.

"இந்நூல் தஞ்சை மாவட்டக் கிராமங்களை விரிவாக ஆராய்கிறது, ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படும்" என்ற வகைக் குறிப்பு ஆய்வேடுகளில் ஏராளம். நூற்பெயரை மாற்றி எந்த நூலுக்கும் ஒட்டிவிடலாம் என்பதே அதன் குறை. நூலைத் திறக்காமலே, முன்னட்டையையும் பின்னட்டையையும் பார்த்து அதை எழுதிவிட முடியும். இத்தகைய வரிகளால் நிறைந்த நாற்பது பதிவுகளைவிட, படித்து எழுதிய பத்துப் பதிவுகள் மதிப்புடையவை.

பழைய அரசு வெளியீடுகளுக்குக் குறிப்பு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். தி. வெங்கசாமி ராவின் தஞ்சாவூர் மாவட்ட மானுவல் 1883-இலும், எஃப். ஆர். ஹெமிங்வேயின் கெசட்டியர் 1906-இலும் வெளிவந்தன. இரண்டும் இன்றியமையாதவை. ஆனால் மேட்டூர் அணை 1934-இல்தான் வந்தது. அந்நூல்கள் காட்டும் காவிரி, மேட்டூரில் தடுத்துத் தேக்கப்படாத காவிரி. அவற்றிலுள்ள சாகுபடி விவரத்தைப் பிற்காலக் குறுவை, சம்பா, தாளடிக் கணக்குகளோடு நேராக ஒப்பிட முடியாது.

எல்லையும் மாறியிருக்கிறது. அந்நூல்களின் தஞ்சாவூர் மாவட்டம், கடற்கரைவரை நீண்ட ஒன்றுபட்ட மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாயின. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 1906-இன் 'தஞ்சாவூர்' எண்ணையும் இன்றைய 'தஞ்சாவூர்' எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளைச்சல் சரிந்துவிட்டது என்று முடிவுகட்டும் ஆபத்து உண்மையானது. இந்த நூல் குறிக்கும் தஞ்சாவூர் எது என்று ஒரு வரி எழுதிவைத்தால் அந்த ஆபத்து நீங்கும். அதிகாரிகள் எழுதிய இந்நூல்கள் வரிவசூலுக்கும் நிர்வாகத்துக்கும் பயன்படவே எழுதப்பட்டன. பண்ணையாள் ஒருவரின் குரலை அவற்றில் தேடினால் கிடைக்காது என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

தமிழ் நூல்களுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. ஆசிரியரின் முன்னெழுத்து ஒரு பதிப்பில் இருக்கும், மறுபதிப்பில் இருக்காது. ஒரே பெயரில் இருவர் எழுதியிருப்பார்கள். முதற்பதிப்பு ஆண்டைக் குறிக்காத மறுபதிப்புகள் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ ஆண்டு 1867-இலும் தொடங்கியது, 1927-இலும் தொடங்கியது. தாள், அச்சகத்தின் பெயர், முகவுரையில் குறிக்கப்படும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டே எது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த காரணத்தையும் குறிப்பில் எழுத வேண்டும்.

புனைவும் பயணநூலும் அடைவில் இடம்பெறலாம். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அறுபதுகளின் இறுதிக்கும் எழுபதுகளின் தொடக்கத்துக்கும் உரிய ஆற்றங்கரையைக் காட்டும் அரிய நூல். கூலி விவரத்துக்கு அதை மேற்கோள் காட்ட முடியாது. ஆற்றோடு மக்களுக்கிருந்த உறவுக்குக் காட்டலாம். இந்த வேறுபாட்டைக் குறிப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஒரு குறிப்பின் நீளம் வழக்கமாக நூறு முதல் இருநூறு சொற்கள். மையமான நூலுக்கு அதற்கு மேலும் போகலாம். ஓரமான கட்டுரைக்கு மூன்று வரி போதும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இழுப்பதும் வெட்டுவதும் தேவையில்லை. பதிவுகளை ஆசிரியர் அகரவரிசையில் அடுக்குவது பொதுவழக்கம். பதிவுகள் முப்பதைத் தாண்டினால் ஆவணங்கள், களஆய்வுகள், கல்வெட்டு ஆய்வுகள், இலக்கியம் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கால வரிசையில் வைப்பது மேலும் பயன்படும். யாருக்குப் பின் யார் எழுதினார், யாரை மறுத்தார் என்பது அந்த வரிசையிலேயே புலப்படும். ஸோட்டெரோ போன்ற மென்பொருள் நூல்விவரத்தை வேண்டிய முறைக்கு மாற்றித் தரும். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்தைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும் இடங்களை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

நூலைப் படித்த அன்றே, அது கையில் இருக்கும்போதே குறிப்பை எழுதுவது முறை. மேற்கோளாகக்கூடிய இடங்களின் பக்க எண்ணையும் அப்போதே குறித்துவிட வேண்டும். அரிய நூலானால் எந்த நூலகத்தில், எந்த அழைப்பெண்ணில் பார்த்தது என்பதும், ஆவணமானால் காப்பகத்தின் பெயரும் கட்டு எண்ணும், இணையத்தில் பார்த்ததானால் முகவரியும் பார்த்த நாளும் பதிவின் கடைசி வரியாக வரும்.