பழைய லென்ஸும் புதிய காமிராவும்

பிழைப்பு நாடித் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், அலமாரியின் மேல்தட்டிலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ, பழுப்புத் தோலுறைக்குள் ஒரு காமிரா உறங்கிக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். சோவியத்து நாட்டு ஜெனித், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானியப் பென்டாக்ஸ், நிக்கான் என அதன் பெயர் எதுவாயினும் ஆகலாம். திருமணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, ரயிலடியில் நின்று விடைகொடுத்த பாட்டியின் முகம் ஆகியவற்றையெல்லாம் குடும்ப ஆல்பத்தில் சேர்த்தது அக்கருவியே. பிலிம் சுருள் அரிதாகிவிட்ட இந்நாளில் அது பயனற்றது என்று கருதி, பழைய இரும்புக்கு எடை போடுபவரிடம் கொடுத்துவிடுவோரும் உளர். அங்ஙனம் கொடுக்குமுன் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். காமிராவின் உடலும் அதன் முன்னே பொருத்தப்பட்ட லென்ஸும் வேறு வேறு. உடல் செயலிழந்திருக்கலாம், லென்ஸ் செயலிழக்கவேண்டும் என்பதில்லை. கண்ணாடி வில்லைகளும் பித்தளை, அலுமினிய வளையங்களுமே அதன் உறுப்புகள். மின்கலமோ மோட்டாரோ அதில் இல்லை; கெடுவதற்குரிய பொருளே அதில் குறைவு.

இத்தகைய காமிராக்களுடன் பெரும்பாலும் விற்கப்பட்டது 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுடைய லென்ஸாகும். இதனை ‘ஸ்டாண்டர்டு லென்ஸ்’ என்பர். 1925-ல் ஜெர்மனியில் வெளிவந்த லைக்கா காமிராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸையே கொண்டிருந்தது. 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள பிலிம் கட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். குவியத் தூரம் இம்மூலைவிட்டத்தை ஒட்டி அமையும்போது, படம் விரிந்தும் தோன்றாது, நெருங்கியும் தோன்றாது. பொருள்களின் அளவும் தூரமும் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். மிகுதியாக உற்பத்தி செய்யப்பட்டமையால் இவ்வகை லென்ஸுகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவு என்பதால் தரக்குறைவு என்று எண்ணிவிடலாகாது. கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ப் என்பார் 1896-ல் வகுத்த பிளானர் அமைப்பின் வழிவந்த வில்லைத் தொகுதிகளே இவற்றுட் பலவற்றிலும் உள்ளன. இன்றைய விலையுயர்ந்த லென்ஸுகள் சிலவும் அவ்வழியினவே.

பெங்களூர் அல்சூரில், யான் வாழும் தெருவுக்கு அடுத்த தெருவில், தொழிற்சாலைப் பணியினின்று ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருக்கின்றார். அவரிடம் ஒரு ஜெனித் காமிராவும், அதனுடன் வந்த ‘ஹீலியோஸ் 44-2’ என்னும் 58 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ளன. மறைந்த தம் மனைவியாரின் படங்கள் அனைத்தையும் அவர் அந்த லென்ஸாலேயே எடுத்தவர். அவர்கள் குடியிருக்கும் ஓட்டு வீடு விரைவில் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்பாக மாற இருக்கிறது. பேத்தியோ வேலைநிமித்தம் புனா செல்ல இருக்கிறாள். வீடு போகுமுன், அதே திண்ணையில், அதே லென்ஸால் தாத்தாவைப் படமெடுக்க விரும்பிய அப்பெண், “இது என் காமிராவில் பொருந்துமா, மாமா?” என்று வினவினாள். அவளுக்கு யான் கூறிய விடையின் விரிவே இக்கட்டுரை.

பொருந்துமா என்னும் வினாவுக்கு விடை ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு காமிரா வகையிலும், லென்ஸ் அமரும் உலோக வளையத்திற்கும் பிலிம் அல்லது ஒளியுணர் தகடு இருக்கும் இடத்திற்கும் இடையே திட்டமான ஓர் இடைவெளி உண்டு. ஜெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றில் லென்ஸைத் திருகிப் பொருத்துவர். அத்திருகின் விட்டம் 42 மில்லிமீட்டர், இடைவெளி 45.46 மில்லிமீட்டர். நிக்கானுக்கு அது 46.5, கானனின் மின்னியல் வகைக்கு 44. இவ்வளவு இடைவெளி தேவைப்பட்டமைக்குக் காரணம், காட்சியை மேலே உள்ள கண்நோக்கிக்குத் திருப்பும் ஆடியொன்று அங்கே ஏறியிறங்க வேண்டியிருந்தமையே. 2008-ல் பானசோனிக் நிறுவனம் அந்த ஆடியையே நீக்கிய மிரர்லெஸ் காமிராவை வெளியிட்டது, பிறரும் தொடர்ந்தனர். ஆடி நீங்கவே இடைவெளியும் சுருங்கிற்று. சோனியில் அது 18 மில்லிமீட்டர், நிக்கானின் புதிய வகையில் 16, கானனின் புதிய வகையில் 20.

45.46-லிருந்து 18-ஐக் கழித்தால் 27.46. ஆகவே 27.46 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓர் உலோகக் குழாயை இடையே செருகினால், பழைய லென்ஸ் தனக்குரிய தூரத்திலேயே அமர்ந்துவிடுகிறது. ‘அடாப்டர்’ என்று கடைகளில் விற்பது இந்த வெற்றுக் குழாய்தான். அதில் கண்ணாடியுமில்லை, மின் தொடர்புமில்லை. ஆதலின் விலையும் குறைவு. தடிப்பு சற்றுக் குறைந்தால் கேடில்லை. சற்று மிகுந்தாலோ, தொலைவிலுள்ள கோபுரமும் குன்றும் எக்காலத்தும் தெளிவாக விழமாட்டா.

ஆடியுள்ள டிஜிட்டல் காமிரா வைத்திருப்போர் இங்கே எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். நிக்கான் உடலின் இடைவெளி ஜெனித் லென்ஸுக்குத் தேவையான இடைவெளியைவிடப் பெரிது. எனவே அடாப்டருக்கு இடமே இல்லை. திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டெனினும், அவை படத்தின் தரத்தைக் குறைத்துவிடுவதால் யான் பரிந்துரையேன். கானன் உடலில் மெல்லிய வளையம் போதும்; ஆயினும் முழுச்சட்ட வகைகளில், சில லென்ஸுகளின் பின்புறம் ஏறிவரும் ஆடியில் மோதக்கூடும். பென்டாக்ஸில் இடைவெளி ஒத்திருப்பதால் உள்ளடங்கிய வளையமொன்றே போதுமானது. 1977-க்கு முற்பட்ட நிக்கான் லென்ஸைத் திருத்தியமைக்காமல் இன்றைய நிக்கான் உடலிற் பொருத்துதல் கூடாது. பல உடல்களின் விளிம்பிலுள்ள சிறு நெம்பு அதனால் முறியக்கூடும்.

பொருத்தியபின் பெரும்பாலோர் திகைக்கும் இடம் ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தினால் காமிரா அசைவதில்லை. மின் தொடர்பு இல்லாமையால், லென்ஸே மாட்டப்படவில்லை என்று அது எண்ணிக்கொள்கிறது! பட்டியலில் ‘லென்ஸ் இன்றியும் படமெடுக்க’ என்னும் பொருள்பட ஓர் அமைப்பு இருக்கும். அதனை இயக்கிவிட வேண்டும். உடலுக்குள்ளேயே நடுக்கந் தடுக்கும் ஏற்பாடு உள்ள காமிராவாயின், குவியத் தூரம் 50 அல்லது 58 என்று நாமே எண்ணிட்டு அறிவிக்க வேண்டும். தவறான எண், படத்தைத் தெளிவிப்பதற்கு மாறாகக் கலங்கச் செய்யும். லென்ஸின் பெயரும் துவார அளவும் படக்கோப்பில் பதியமாட்டா. அவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அலுவலகப் பழக்கம் விடுமா?

ஒளி புகும் துவாரத்தை லென்ஸின் மேலுள்ள வளையத்தைத் திருகியே சுருக்கவும் விரிக்கவும் வேண்டும். 1.8 என்னும் எண், குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் அகலமுள்ள துவாரம். எட்டு என்றால் ஆறேகால் மில்லிமீட்டரே. எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும் என்பதற்கு இதுவே காரணம். துவாரத்தை நாம் தேர்ந்தபின் ஷட்டர் வேகத்தைக் காமிராவே கணக்கிடும். துவார முதன்மை அமைப்பில் வைத்தாற் போதும். திருகு லென்ஸுகள் சிலவற்றின் பின்னால் சிறு ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வூசி அழுந்தினாலன்றித் துவாரம் சுருங்காது. ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குக. முதியவரின் ஹீலியோஸில் இத்தொல்லை இல்லை. அதில் இரண்டு வளையங்கள். ஒன்று துவாரத்தின் எல்லையைக் குறிக்கும், மற்றொன்று அவ்வெல்லை வரை தடையின்றித் திறந்து மூடும். பழைய ஏற்பாடு என்று ஒதுக்கப்பட்ட இதுவே இன்றைய அடாப்டருக்கு மிகவும் உகந்ததாய் அமைந்துவிட்டது.

டிஜிட்டல் காமிராவின் ஒளியுணர் தகடு பிலிம் கட்டத்தை ஒத்த அளவினதாயின், லென்ஸ் தன் பழைய காட்சியையே தரும். பலரிடம் இருப்பது அதனினும் சிறிய தகடு. அதில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே விழுவதால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 போலவும், 58 மில்லிமீட்டர் லென்ஸ் 87 போலவும் தோன்றும். தெருவைப் படமெடுக்க இது குறைபாடு. முகத்தைப் படமெடுக்கவோ மிகவும் ஏற்றது.

இனி, கையால் குவியம் அமைக்கும் கலை. 1985-ல் மினோல்டா 7000 வந்து தானியங்கிக் குவியம் பரவுமுன், எல்லாரும் கையாலேயே வளையத்தைத் திருகினர். பெங்களூரில் வாழ்ந்து வனவிலங்குப் படங்களால் புகழெய்திய டி. என். ஏ. பெருமாள் (1932–2017) போன்றோரின் தலைமுறை, பறவை அசையுமுன் விரலசைத்துக் கற்ற தலைமுறையாகும். நமக்கு இரண்டு துணைகள் உள்ளன. தெளிவான விளிம்புகளை நிறக்கோடிட்டுக் காட்டும் வசதி ஒன்று; காட்சியின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி மற்றொன்று. நிறக்கோடு விரைவுக்கு உதவும். ஆனால் துவாரம் அகன்றிருக்கும்போது அதனை முழுதும் நம்புதல் ஆகாது, மூக்கு நுனியையும் கண்ணையும் ஒன்றாகவே நிறந்தீட்டிவிடும். முகத்தைப் படமெடுப்போர் கண்ணிமையைப் பெரிதாக்கி நோக்கிக் குவியம் அமைப்பதே முறை.

இஃது ஏன் இத்துணை நுட்பமாக வேண்டும் என்பதைக் கணக்கு விளக்கும். முழுச்சட்டக் காமிராவில், 50 மில்லிமீட்டர் லென்ஸை 1.8-ல் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளவரைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் நான்கே சென்டிமீட்டர். மூச்சு விடும்போது நாம் முன்பின் அசைவதே அவ்வளவு இருக்கும். எனவே மூன்று நான்கு படங்கள் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளுதல் நன்று. எட்டுக்குச் சுருக்கினாலோ, இரண்டு மீட்டரில் ஆழம் முக்கால் மீட்டரை எட்டும்.

கடைவீதியில் நடமாடுவோரைப் படமெடுக்கும்போது குவியம் அமைக்க நேரமிராது. அப்போது லென்ஸின் மேல் பொறித்துள்ள தூர அளவுகோல் கைகொடுக்கும். எட்டில் சுருக்கி ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டால், மூன்றரை மீட்டர் முதல் ஒன்பதரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். வளையத்தைத் தொடவே வேண்டா. அவ்வளவுகோல் பிலிம் காலத்துக்காக வகுக்கப்பட்டது. இன்றைய தகடுகள் நுணுக்கத்தை மிகுதியாகக் காட்டுவதால், எட்டில் வைத்திருந்தாலும் 5.6-க்குரிய கோடுகளையே எல்லையாகக் கொள்வது பாதுகாப்பு.

பழகுதற்கு அல்சூர் நல்ல இடம். ஏரிக்கரையருகே 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த அவர் எவ்வளவு நேரமாயினும் நமக்காக அசையாது இருப்பார். சோமேசுவரர் கோயில் மண்டபத் தூண்களின் அரையிருளில்தான் இத்தகைய லென்ஸின் அருமை புலப்படும் (அனுமதியுள்ள இடங்களில் மட்டுமே படமெடுக்க). காமிராவுடன் தரப்படும் எளிய ஜூம் லென்ஸ் தன் நீண்ட நிலையில் 5.6 வரைதான் திறக்கும். 1.8 அதனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உட்கொள்கிறது. அங்கே ஆறில் ஒரு நொடி தேவைப்பட்டு நடுங்கிய படம், இங்கே அறுபதில் ஒரு நொடியில் நேர்ப்படும். சித்திரை வாக்கில் பூப்பல்லக்குகள் திரளும் இரவிலும் அப்படியே.

பழைய லென்ஸுகளின் குறையையும் மறைத்தல் முறையன்று. வில்லைகளின் மேற்பூச்சு அந்நாளில் இன்றுள்ளதுபோல் பல அடுக்காக இல்லை. ஏரி நீரில் மின்னும் வெயிலை எதிர்நோக்கினால் படம் வெளிறும், ஒளிவட்டங்கள் தோன்றும். சிலர் இதனையே அழகென்று தேடி அலைகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை; விலை குறைந்த ரப்பர் மறைப்பான் ஒன்றை முன்னே மாட்டிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். துவாரத்தை ஒரு படி சுருக்கினால், விளிம்புகளின் மங்கலும் பெரிதும் மறையும்.

சூப்பர்-டாகுமார் 50 மில்லிமீட்டர் 1.4 லென்ஸுகளிற் பல மஞ்சளித்துப் போயிருக்கும். வில்லையில் தோரியம் கலந்தமையே காரணம். கதிரியக்கம் சிறிதளவே, படமெடுப்பதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் அவ்வில்லையைக் கழற்றித் தேய்த்தலோ உடைத்தலோ கூடாது. சில நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும். வைக்கும்போது ஒரு புறத்தை அலுமினியத் தாளால் மூடுக. மூடாவிடில் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துத் துணியையும் தாளையும் எரித்துவிடும்.

எல்லாவற்றினும் கொடியது பூஞ்சை. கைவிளக்கை ஒரு புறம் பிடித்து மறுபுறம் நோக்கினால், சிலந்தி நூல்போல் அது கிளைத்திருப்பது தெரியும். ஓரத்தில் சிறு கீற்று இருப்பின் படத்துக்குப் பெருங்கேடில்லை. நடுவே படர்ந்திருப்பின் பழைய காமிரா பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். நாமே திருகுகளைக் கழற்றினால், வில்லைகளை மீண்டும் நேராக அமைத்தல் இயலாது. முதியவரின் லென்ஸில் ஓரக் கீற்று ஒன்றே இருந்தது, அவளும் படமெடுத்துவிட்டாள். மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோர் இவ்விடயத்தில் கூடுதற் கவனம் கொள்க. தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆதலின் அதனை நினைவுப்பொருளாகத் தனியே வைத்துவிட்டு, லென்ஸைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களுடன் வைக்கவும். மணிகளின் நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மாதமொருமுறை லென்ஸை வெளியே எடுத்து, வளையங்களை இருபுறமும் முழுதாகத் திருகிவிட்டு, ஓரிரு படங்களும் எடுத்து வருக.