இறாலுக்கு ஃபாரின் அம்மா!

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் வி.ஐ.பி.க்களில் சிலருக்கு மாலை கிடையாது, வரவேற்பு கிடையாது, போட்டோகிராபர் கிடையாது. பாஸ்போர்ட் கூடக் கிடையாது. ஆனால் ஹெல்த் சர்டிபிகேட் மட்டும் பக்காவாக இருக்கும். தெர்மோகோல் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் குளிர்ந்த கடல் தண்ணீர், கொஞ்சம் ஆக்சிஜன். நடுவில் அரைத் தூக்கத்தில் மேடம்! தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு பையைக் குத்திக் கிழித்துவிடக் கூடாதே என்று அதற்கு ரப்பர் உறை மாட்டுவதும் உண்டு.

மேடம் யார் என்கிறீர்களா? வனாமி இறால். தாய் இறால். ஹவாயிலிருந்தோ ஃப்ளோரிடாவிலிருந்தோ ஆகாய மார்க்கமாக வருகை. (அப்பாக்களும் கூடவே வருகிறார்கள். வழக்கம்போல அவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.)

ஏர்போர்ட்டிலிருந்து நேரே நீலாங்கரை. சினிமா நட்சத்திரங்களின் பங்களாக்கள் இருக்கும் அதே நீலாங்கரைதான். ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையம் 2009ல் அங்கே ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் தொடங்கியது. நட்சத்திர பங்களாவுக்குள்கூட எப்படியாவது நுழைந்துவிடலாம், இதற்குள் முடியாது. சில நாள் உள்ளே வைத்து, பி.சி.ஆர். டெஸ்ட் எடுத்து, வியாதி இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஹாட்சரிக்கு அனுப்புவார்கள். 2020ல் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான். நமக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே இறாலுக்கு வந்துவிட்டது.

ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் பக்கத்து ஸீட் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸில் இறால் தொக்கு. ஒன்றை விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது நம்ம கடல்ல பிடிச்சது இல்லையா?"

"இல்ல சார். நெல்லூர்ப் பக்கமோ, நாகப்பட்டினம் பக்கமோ குளத்துல வளர்ந்திருக்கும். அம்மா மட்டும் அமெரிக்கா."

"அப்ப இதுக்கு க்ரீன் கார்டு கிடைக்குமா?"

அவர் கவலை அவருக்கு. மச்சினன் விசாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறான்.

மச்சினனுக்கு எப்படியோ, இறாலுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2023-24ல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான உறைய வைத்த இறால் 7.16 லட்சம் டன். மதிப்பு 40,013 கோடி ரூபாய். அதில் 3 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியது அமெரிக்கா ஒன்றே. ஆக, அம்மா அங்கிருந்து பிளேனில் வருகிறாள். பிள்ளைகள் நாலு மாசம் நம் ஊர் உப்புத் தண்ணீரில் வளர்ந்து, ஐஸாக உறைந்து கப்பலில் அம்மா ஊருக்கே திரும்பிப் போகிறார்கள். வாடகை வீடு நம்முடையது.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற நாட்டுக்கு ஒரு இறால் அம்மாவா கிடைக்கவில்லை?

கிடைத்தாள். முன்பெல்லாம் நம் பண்ணைகளில் வளர்ந்தது டைகர் இறால். அசல் உள்ளூர்க்காரி. ஆனால் அவளை யாரும் வீட்டில் வளர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போய்த்தான் சினை இறாலைப் பிடித்து வந்தார்கள். நல்ல பெரிய தாய் ஒன்று வலையில் விழுந்தால் கரையில் ஏலம். ஒற்றை இறால் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். லாட்டரி மாதிரி. சிக்கல் என்னவென்றால், கடலில் பிடித்த தாய் எந்த வியாதியோடு வருகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. 1994ன் கடைசியிலிருந்து வெள்ளைப்புள்ளி நோய் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் புகுந்தது. ராத்திரி நன்றாக இருந்த குளம், இரண்டு மூன்று நாளில் காலி. மனைவி நகையை வைத்துக் குளம் வெட்டினவர்கள் பலர் தலையில் துண்டு.

அதே சமயம் நாகை மாவட்டத்தில் வேறொரு கூக்குரல். நெல் வயலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீரைத் தேக்குகிறார்கள், குடிதண்ணீர் கரிக்கிறது என்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் சவுக்கடி கொடுத்தது. கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருக்கிற நவீன இறால் பண்ணைகளை எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. அப்புறம் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று ஆனது தனிக் கதை. வைரஸ் ஒரு பக்கம், கோர்ட் ஒரு பக்கம். தொழில் திணறிய அந்த நேரத்தில்தான் கண்ணில் பட்டாள் அமெரிக்க மாப்பிள்ளை மாதிரி ஒரு அமெரிக்க அம்மா!

வனாமியின் பிறந்த வீடு மெக்ஸிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரை. இவளை வீட்டு விலங்காக மாற்றியது அமெரிக்க அரசாங்கப் பணம். 1984ல் அந்த நாட்டு விவசாயத்துறை பணம் ஒதுக்க, பல ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பித்தன. பன்றிப் பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலையை இறாலுக்குச் செய்தார்கள். குறிப்பிட்ட சில நோய்க் கிருமிகள் அறவே இல்லாத குடும்பங்களைப் பொறுக்கி எடுத்து, வெளிக்காற்று படாமல் பூட்டி வைத்து, தலைமுறை தலைமுறையாக நல்லதிலிருந்து இன்னும் நல்லதைத் தேர்ந்தெடுப்பது. ஹவாய் இதற்குத் தலைமையகம்.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவில் இறால் பண்ணைகள் பெரிதாக வளரவே இல்லை. கூலி கட்டாது, குளிர் ஒத்துக்காது. திட்டம் ஃபெயில் என்று நம் ஊரில் ஃபைலை மூடியிருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. கடைசியில் சைனா, தாய்லாந்து, வியட்நாம், இந்தியா என்று ஆசியா முழுக்க அம்மாக்களை விற்கிற வியாபாரம் வளர்ந்துவிட்டது. நாம் மாட்டை வளர்த்துப் பால் கறக்கிறோம். கன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

"ஏன் சார், ஒரு தடவை வாங்கினா போதாதா? அதோட பொண்ணே அடுத்த அம்மா ஆயிடுமே?" என்றார் நண்பர். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மூளை!

ஆகலாம். ஆனால் கூடாது என்கிறது விதி. திறந்த குளத்தில் வளர்ந்த இறாலுக்கு எந்த நோய் ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. தவிர, வாங்கி வந்தவை எல்லாம் நெருங்கிய உறவுகள். அக்கா, தங்கை, அண்ணன், தம்பி. அவற்றுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டு போனால் வளர்ச்சி குன்றிப் போகும். ஹைப்ரிட் விதை வாங்குகிற விவசாயி மறுபடி கடை வாசலில் நிற்கிற மாதிரிதான்.

ஹாட்சரிக்குள் மேடத்துக்கு ராஜ உபசாரம். கடற்புழு, கணவாய் என்று தினம் விருந்து. அப்புறம் ஒரு காரியம் செய்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிவிடவும். ஒரு பக்கத்துக் கண்ணைத் தாங்கும் காம்பை நசுக்கியோ நறுக்கியோ விடுகிறார்கள். முட்டை முதிர்வதை அடக்கி வைக்கிற ஹார்மோன் அந்தக் காம்பில்தான் சுரக்கிறது. பிரேக்கைக் கழற்றிவிட்ட மாதிரி! ஒரு தடவைக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் முட்டை போட்டுத் தள்ளுகிறாள். கண்ணைத் தொடாமலே முட்டை வாங்கும் வித்தையைச் சில வெளிநாட்டு ஹாட்சரிகள் கற்றுக்கொண்டுவிட்டன. அதுவும் சும்மா வரவில்லை, வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்து வந்ததுதான்.

சரி, நமக்கு அந்தப் பொறுமை கிடையாதா? உண்டு சார், உண்டு. வங்காளத்தில் ஒரு காலத்தில் ரோகு, கட்லா குஞ்சுகளை ஆற்றில் வாரி, மண்பானையில் ஊற்றி, ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்புவார்கள். வளர்ப்புக் குளத்தில் இந்த மீன்கள் முட்டையே போடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, வேறொரு மீனின் தலையிலிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியைக் கரைத்து ஊசி போட்டார். குளத்திலேயே முட்டை! ஆற்றை நம்பிக் கிடந்த தொழில் அன்றைக்குத்தான் சொந்தக் காலில் நின்றது. இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம்.

இன்னொன்றும் உண்டு. நார்வேக்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன் மீன்களைச் சேர்த்து வந்து, நல்லதைப் பொறுக்கி வளர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த நாட்டு நிபுணர்களோடு கூட்டு சேர்ந்து 1992ல் புவனேஸ்வரத்தில் நம் நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ரோகுவில் இறங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என்று ஐந்து ஆறுகளில் பெண் பார்த்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் உடம்புக்குள் அரிசி அளவில் ஓர் அடையாளச் சில்லு. நமக்கு ஆதார் வருவதற்கு முன்பே ரோகுவுக்கு நம்பர் கொடுத்துவிட்டார்கள்! சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997ல் வந்த அந்த ரகத்துக்கு 'ஜெயந்தி' என்று பெயர். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி.

17 சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இது கூட்டு வட்டி. நாலு தலைமுறை போனால் 100 கிராம் இடத்தில் 187 கிராம். மீன் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பணம் பி.எஃப். மாதிரி. மாசா மாசம் பிடித்தம் ஆக வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. நாமோ அதைப் பண்டிகை அட்வான்ஸ் மாதிரி நினைக்கிறோம். ஏதாவது வியாதி வந்து பேப்பரில் தலைப்புச் செய்தி ஆனால் மொத்தமாகக் கொஞ்சம், அப்புறம் அடுத்த வியாதி வரைக்கும் மௌனம்.

நார்வேக்காரன் என்ன செய்தான் தெரியுமா? 2001 முதல், ஏற்றுமதியாகும் மீனின் மதிப்பில் 0.3 சதவீதத்தை ஆராய்ச்சிக்கென்று பிடித்துக்கொள்கிறான். நூறு ரூபாய்க்கு முப்பது காசு. மீன் விற்பவர்கள் கொடுக்கிற பணம், மீனுக்கே போகிறது. மந்திரி மாறினாலும் முப்பது காசு மாறாது.

நண்பர் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். 2023-24ல் நம் மொத்தக் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி. அதில் 0.3 சதவீதம்... 181 கோடி ரூபாய்! வருஷா வருஷம்!

"நம்ம ஊர் இறாலுக்கு இப்ப எவ்வளவு குடுத்திருக்காங்க?"

சொன்னேன். நம் கடலின் சொந்த வெள்ளை இறாலை ஹவாய் முறையில் தேர்ந்தெடுத்து வளர்க்கும் திட்டத்தை, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) 2023 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 25 கோடி. 1997ல் முட்டுக்காட்டில் கொடுவா மீனை முட்டையிட வைத்த அதே சிபாதான். கை வித்தை இல்லாதவர்கள் இல்லை. 2020ல் மத்திய அரசு அறிவித்த மீன்வளத் திட்டத்தின் மொத்தத் தொகை 20,050 கோடி. துறைமுகம், ஐஸ் பிளாண்ட், படகு எல்லாம் அதில் அடக்கம், எல்லாம் தேவையும்கூட. ஆனால் 20,050ல் 25 என்பது கல்யாண வீட்டில் ஊறுகாய்.

இதற்கிடையில் நெஞ்சு பொறுக்காத ஒரு சேதி. நம் டைகர் இறாலையும் ஹவாயிலும் மடகாஸ்கரிலும் நோயில்லாத குடும்பங்களாக வளர்த்துவிட்டார்கள். சில ஆண்டுகளாக அந்த அம்மாக்களையும் இறக்குமதி செய்கிறோம். நம் தோட்டத்து மாம்பழத்தை நாமே டாலர் கொடுத்து வாங்குகிற கதை!

பெரிய பணம் இல்லாமல் நடக்கக்கூடிய காரியமும் உண்டு, அது பயிற்சி. 2002ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் மொகல்தூரில் செய்து பார்த்தார்கள். அடிச் சேற்றை வழித்துக் குளத்தைக் காயப்போடு, குஞ்சை டெஸ்ட் பண்ணி வாங்கு, ஊரே ஒரே சமயத்தில் விடு, உன் குளத்தில் நோய் வந்தால் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டு மறைக்காதே, பக்கத்துக் குளத்துக்காரனிடம் சொல். இவ்வளவுதான் பாடம். கடைசிப் பாடம்தான் கஷ்டம்! பக்கத்துக் குளத்துக்காரனோடு வரப்புத் தகராறு இல்லாதவர் யார்? ஆனாலும் குழுவாகச் சேர்ந்தார்கள், நஷ்டம் குறைந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 2007ல் சிறு இறால் விவசாயிகளுக்கென்றே தேசிய மையம் ஒன்று ஏற்பட்டது.

லஞ்ச் முடிகிற நேரம். நண்பர் இன்னும் கணக்கை விடவில்லை.

"இறாலுக்கு ஒரு தலைமுறைன்னா எத்தனை வருஷம்?"

"ஏறக்குறைய ஒண்ணு."

"பத்து தலைமுறை பொறுக்கி எடுக்கணும்னா பத்து வருஷம். 2023ல ஆரம்பிச்சது 2033ல முடியும். என் பையன் இப்ப அஞ்சாவது. அவன் காலேஜ் முடிக்கிறப்ப நம்ம ஊர் அம்மா ரெடி!"

"நடுவுல பணம் நிக்காம இருந்தா."

"அதானே..." என்று கால்குலேட்டரை மூடினார். டப்பாவில் மிச்சமிருந்த ஒற்றை இறாலைப் பார்த்தார். "அதுவரைக்கும் இந்த அமெரிக்காக்காரியை வீணாக்கக் கூடாது" என்று வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவப் போனார்.