நோயாளிப் பிள்ளையின் பல்லை யார் பார்ப்பது?



"பிள்ளைக்கு இருதயத்திலே ஓட்டை. இதிலே பல்லைப் பற்றி யார் கவலைப்படுறது?" என்று கேட்கிற தாய்மார் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதம் ஒரு ஆஸ்பத்திரி, வாரம் ஒரு மருந்து என்று அலைகிற குடும்பத்துக்கு சொத்தைப் பல் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் சொத்தைப் பல் ஆபத்து. சொத்தையிலும் வீங்கிய ஈறிலும் இருக்கிற கிருமி இரத்தத்தில் கலந்து, கோளாறுள்ள இருதயத்தில் போய்த் தங்கிவிடலாம். அப்படித் தங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சில வகை இருதய நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாம் செய்ய வேண்டியது, நோயைப் பற்றி வாயைத் திறந்து சொல்வது.

பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு நம் பினாங்கு பழைய ஊர். பல் மிஸிகளைப் பழக்குகிற பள்ளி 1949ல் இங்கேதான் தொடங்கியது. நியூசிலாந்து 1921ல் தொடங்கிய முறையைப் பார்த்து அமைத்தது அது. அங்கே படித்தவர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வெள்ளைச் சட்டை மிஸி வந்தால் மேசைக்கு அடியில் ஒளிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இப்போது அவர்களைப் பல் சிகிச்சையாளர் என்கிறார்கள், மலாயில் ஜுருதெராப்பி பெர்கிகியான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மிஸி பள்ளிக்கூடத்துக்கு வருவார். கை கால் விளங்காமல், புத்தி வளர்ச்சி குறைந்து, லயத்து வீட்டிலேயே கிடக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லையே! அந்தப் பிள்ளையின் வாயை யாரும் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 1984ல் திரங்கானுவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையம். அரசாங்கப் பல் குழுக்கள் அங்கேயும் போகின்றன. பக்கத்தில் நிலையம் இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். ஓ.கே.யு. அட்டையையும் எடுத்து வையுங்கள், அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் சலுகை உண்டு.

வலிப்புக்காரப் பிள்ளைகளில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுகிற மாதிரி வளரும். ஃபெனிடோயின் என்கிற வலிப்பு மருந்துக்கு இந்தக் குணம் உண்டு. அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள், வலிப்பு திரும்பி வரும். ஈறைச் சுத்தமாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். இனிப்பு சிரப்பு இன்னொரு தொல்லை. ராத்திரி சிரப்பைக் கொடுத்து அப்படியே தூங்க வைத்தால், சீனி விடிய விடியப் பல்லிலேயே ஊறும். சீனி இல்லாத மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். புட்டியில் டின் பாலோடு தூங்க வைப்பதும் இதே கதைதான். ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சுகிற பிள்ளையும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

இரத்தம் உறையாத நோய் இருந்தால், ஆடுகிற பல்லைக் கூட நூல் கட்டி இழுக்கக்கூடாது. பல் வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இரத்தம் நிற்காமல் ஓடும். அந்தப் பிள்ளைக்கு முதலில் இரத்தம் உறைவதற்கான ஊசி போட்டுத்தான் ஆஸ்பத்திரியில் பல் எடுப்பார்கள்.

பல் துலக்குவது எப்படி? பிள்ளையின் தலையை மடியில் வைத்துப் படுக்கப்போட்டு, மேலே இருந்து துலக்கினால் வாய் நன்றாகத் தெரியும். தானே துலக்குகிற பிள்ளைக்குப் பிடி நிற்கவில்லையா? பிரஷ் கைப்பிடியை ரப்பர் பந்தில் குத்தி விடுங்கள், அல்லது சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டுங்கள். கடிக்கிற பிள்ளையின் பற்களுக்கு நடுவே விரலைக் கொடுக்காதீர்கள். ஃபுளோரைடு பற்பசை மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு போதும், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. தோட்டத்துச் சொந்தத் தண்ணீரில் குழாய்த் தண்ணீர் மாதிரி ஃபுளோரைடு கலந்திருக்காது. அதனால் பசையை விட்டுவிடக்கூடாது. குழாய் வழியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கும் துலக்க வேண்டும். மெல்லாத பல்லில்தான் காரை கட்டும்.

நாற்காலியில் உட்காரவே முடியாத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் சரி செய்யலாம். அரசாங்கப் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கினால் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான பல் நிபுணர் பார்ப்பார். அன்றைக்கு வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். "பாவம், அழுவுது" என்று பாட்டி ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தால், மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் போய்விடும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு நாள் கொடுப்பார்.

போகும்போது பிள்ளை சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் புட்டியைப் பார்த்து டாக்டர் தெரிந்துகொள்வார்.